காபியில் போடும் இனிப்பு மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 57 வயது, எடை 65 கிலோ. 9 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு இனிப்பு மாத்திரை. அந்த மாத்திரையில் உள்ள அஸ்பார்டேம் புற்றுநோயை வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. பயந்துபோய் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கருப்பட்டிக் காபிக்கு மாற்றினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி 7.2-இல் இருந்து 8.3 ஆகிவிட்டது. நான் செய்தது சரியா? ஐந்து மாதக் கர்ப்பிணியான மகளும் 6 வயதுப் பேரனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பேரன் ஃப்ரிட்ஜில் இருக்கும் டயட் கோலாவை எடுத்துக் குடிக்கிறான். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் கருப்பட்டியை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒரு காபிக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் சுமார் 10 கிராம். நாலு காபிக்கு 40 கிராம். கருப்பட்டியாகட்டும், நாட்டுச் சர்க்கரையாகட்டும், வெல்லமாகட்டும், அவற்றின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதே சுக்ரோஸ். கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் காபியில் கரையும் அளவில் அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கூடவே உள்ளே போகும் சர்க்கரை செய்துவிடும். எச்பிஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. நீங்கள் கருப்பட்டிக்கு மாறியதும் சரியாக அந்த மூன்று மாதம்தான். வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்றாலும், நான் முதலில் சந்தேகப்படுவது கருப்பட்டியைத்தான். அக்கறையோடு செய்ததற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். இதே காரணத்துக்காக இதே மாற்றத்தைச் செய்துவிட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் அஸ்பார்டேமை ‘2பி’ என்ற பிரிவில் சேர்த்தது. ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்பது அந்தப் பிரிவு. கல்லீரல் புற்றுநோய் தொடர்பாகக் கிடைத்த சில ஆய்வுகளை வைத்து, ஆதாரம் குறைவுதான் என்று சொல்லியே அப்படி வகைப்படுத்தினார்கள். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அவை சொல்வதில்லை. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி-யில்தான் இருக்கிறது. ஆதாரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கும் முதல் பிரிவில் புகையிலை இருக்கிறது, மது இருக்கிறது, பாக்கும் இருக்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே முதல் பிரிவுதான். உங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை பாக்கு போடும் வழக்கம் யாருக்காவது இருந்தால், புற்றுநோய் பயத்தை அங்கே திருப்புங்கள்.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதைப் பார்க்க வேறொரு குழு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு அது. அஸ்பார்டேமுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்று அது 1981-இலேயே வரம்பு வகுத்தது. புற்றுநோய் முகமையின் அறிவிப்பு வந்த அதே நாளில் இந்தக் குழுவின் முடிவும் வந்தது: வரம்பை மாற்றத் தேவையில்லை, அதே 40 மில்லிகிராம். வாட்ஸ்அப்பில் பாதிச் செய்திதான் சுற்றியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2013-இல் எல்லா ஆய்வுகளையும் மறுபடி புரட்டிப் பார்த்து அதே 40-ஐ உறுதி செய்தது. அமெரிக்காவில் 50 வரை அனுமதிக்கிறார்கள். இந்த 40 எப்படி வந்தது? விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், கெடுதல் எதுவும் தெரியாத அளவு கிலோவுக்கு 4,000 மில்லிகிராம். அதை நூறால் வகுத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவருக்கு வருவோம். 65 கிலோவுக்கு நாள் வரம்பு 2,600 மில்லிகிராம். காபியில் போடும் சின்ன மாத்திரை ஒன்றில் பொதுவாக 20 மில்லிகிராமுக்குள்தான் அஸ்பார்டேம் இருக்கும். அவர் போட்டுக்கொண்டது எட்டு மாத்திரை, 160 மில்லிகிராம். வரம்பை எட்ட 130 மாத்திரை வேண்டும். இந்த அளவில் மாத்திரை போட்ட காபியால் புற்றுநோய் வரும் என்று பயப்பட எந்த அடிப்படையும் இல்லை.

ஆகவே அவர் தாராளமாக மாத்திரைக்குத் திரும்பலாம். இனிப்பே இல்லாமல் குடிக்கப் பழகினால் இன்னும் நல்லது. அதற்காக இனிப்பு மாத்திரை சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று எண்ணிவிடக் கூடாது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற இன்னொரு செயற்கை இனிப்பூட்டியைப் போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளிகளை 12 வாரம் கவனித்து, முடிவை 2024-இல் வெளியிட்டது. எடையும் இடுப்புச் சுற்றளவும் லேசாகக் குறைந்தன. எச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம்மூர்ச் சாப்பாட்டில் சர்க்கரையை ஏற்றுவது காபி மட்டும் இல்லையே. தட்டில் இருக்கும் சோறும் இட்லியும்தான் கணக்கில் பெரிய பங்கு.

2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இன்னொரு வழிகாட்டுதலையும் வெளியிட்டது. எடையைக் குறைப்பதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. இனிப்பூட்டிகளை நீண்ட காலம் பயன்படுத்துபவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் சற்று அதிகமாகத் தெரிகின்றன என்று மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டின. ஏற்கெனவே எடை கூடி, சர்க்கரை எட்டிப் பார்க்கும் நிலையில் இருப்பவர்கள்தான் இவற்றை அதிகம் வாங்குகிறார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கடினம். அதனால் அதை நிபந்தனைக்கு உட்பட்ட பரிந்துரையாகவே வைத்தார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். வீட்டில் வேறு யாராவது உடம்பு இளைக்க வேண்டும் என்று டயட் பானம் குடித்தால், அவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தும்.

உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது ‘சுகர் ஃப்ரீ’ பலகாரங்களைப் பற்றித்தான். சுகர் ஃப்ரீ மைசூர்பாகில் சர்க்கரையை எடுத்துவிடலாம். கடலை மாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. பிஸ்கட்டில் மைதா இருக்கிறது. பல சாக்லேட்டுகளில் மால்டிடால் என்ற இனிப்பூட்டியைச் சேர்க்கிறார்கள். அதுவும் ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வேறு. டப்பாவில் வரும் இனிப்புப் பொடியைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பலவற்றில் முதல் பெயராக மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும். அது மாவுச்சத்து, வெகு வேகமாகக் குளுக்கோஸாக மாறும். ஒரு கப் காபிக்கு ஒரு ஸ்பூன் என்றால் பரவாயில்லை. கேசரிக்கு ஒரு டம்ளர் கொட்டினால் அது கணக்கில் வரும். சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம்: சாப்பிடும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அட்டை சொல்லாததை அது சொல்லிவிடும்.

பொடி சுக்ரலோஸ் வகை என்றால் அடுப்பில் வைத்துப் பொரிக்கவோ, ஓவனில் சுடவோ வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் சூடானால் தீங்கான சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. காபி, பாயசத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. இறக்கி வைத்த பிறகு சேருங்கள்.

மகளுக்கு: கர்ப்ப காலத்தில் அஸ்பார்டேம், சுக்ரலோஸ் இரண்டையும் அளவோடு எடுத்தால் தவறில்லை. சாக்கரின் என்ற இனிப்பூட்டி மட்டும் வேண்டாம். அது நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது, அங்கிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. பீனைல்கீட்டோனூரியா என்ற அரிதான பிறவிக் குறை உள்ளவர்களுக்கு மட்டும் அஸ்பார்டேம் கூடவே கூடாது. அதில் இருந்து பிரியும் பீனைல்அலனினை அவர்களின் உடல் சமாளிக்காது. அட்டையில் அதற்கான எச்சரிக்கை இருக்கும்.

பேரனுக்கு டயட் கோலா வேண்டவே வேண்டாம். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை அஸ்பார்டேம் இருக்கலாம். அவன் எடை 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாள் வரம்பு 720 மில்லிகிராம். மூன்று கேனில் அதைத் தொட்டுவிடுவான். தாத்தாவுக்கு எட்டாத வரம்பு அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல்லின் எனாமலை அரிக்கும் அமிலமும், சிறுவர்களுக்குத் தேவையில்லாத கஃபீனும் அதில் இருக்கின்றன. செயற்கை இனிப்பூட்டி சேர்த்த பொருள்களின் மேல் ‘குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை’ என்று நம் நாட்டு அட்டைகளில் அச்சிடுகிறார்கள். சின்ன எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. தமிழில், கண்ணில் படும் அளவில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை அந்தப் பாட்டிலை ஃப்ரிட்ஜில் அவன் கைக்கு எட்டும் தட்டில் வைக்காதீர்கள். மோர், இளநீர் போதும்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. 8.3 வந்ததைப் பார்த்து உங்கள் மருத்துவர் கிளிமிப்ரைடு அளவைக் கூட்டியிருந்தால், கருப்பட்டியை நிறுத்துவதை அவரிடம் உடனே சொல்லுங்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகும் வாய்ப்பு உண்டு. வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் இனிப்பு மாத்திரை போட்ட காபியோ டயட் கோலாவோ கொடுத்தால் எந்தப் பலனும் இல்லை, அவற்றில் குளுக்கோஸ் கிடையாது. நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரையையே வீட்டில் இருந்து ஒழித்துவிட்டவர்கள்கூட ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டாவது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.