விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா? குழந்தைகளின் பற்கள்: கேள்வி பதில்

கேள்விகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். குழந்தைகள் பல் மருத்துவத்தில் தினமும் பார்ப்பதை வைத்துப் பதில் சொல்கிறேன். வலி, வீக்கம், சீழ் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நேரில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பாப்பாவுக்குப் பத்து மாதம். இன்னும் ஒரு பல்கூட வரவில்லை. கால்சியம் மருந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 6 மாதத்தை ஒட்டிக் கீழ்வரிசையின் நடுப்பற்கள் எட்டிப்பார்ப்பது வழக்கம். ஆனால் ஒரு வயது தாண்டி முளைக்கிற குழந்தைகளும் உண்டு. உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ தாமதமாக வந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைக்கும். 18 மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் காட்டுங்கள். அதுவரை பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: பல் முளைப்பதால் நல்ல காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஈறு மரத்துப்போக ஜெல் தடவலாமா?

பதில்: எச்சில் ஒழுகும், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும், ராத்திரி சிணுங்கும், உடம்பு லேசாகச் சுடலாம். அவ்வளவுதான் பல்லின் வேலை. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வேறு காரணம் இருக்கும். பழியைப் பல்லின் மேல் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதுதான் ஆபத்து. பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்குள் தொடவே வேண்டாம். அரிதாக என்றாலும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும். கையைக் கழுவிவிட்டு விரலால் ஈறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த கடிவளையம் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வைத்துக் கல்லானது கூடாது.

கேள்வி: 20 மாதப் பையன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பாகி அரிக்கின்றன. கீழ்ப்பற்கள் பளிச்சென்று இருக்கின்றன. இனிப்பே கொடுப்பதில்லை, பிறகு எப்படி?

பதில்: ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிறானா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் மேலே சொத்தை, கீழே சுத்தம் என்றதும் முதலில் கேட்கத் தோன்றுவது இதுதான். உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாயும் அங்கேயே இருக்கிறது. மேல்பற்களுக்கு இந்தக் காவல் இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் வெகுவாகக் குறையும். பாலில் இருக்கிற சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கிக்கொண்டே இருக்கும், கழுவிவிட ஆள் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களும் இன்றே ஒன்று செய்யுங்கள். வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, பல்லும் ஈறும் சேருமிடத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் பல் மருத்துவர் பல்லின் மேல் பூசிவிடும் ஃப்ளோரைடு வார்னிஷும் ஒழுங்கான பிரஷ்ஷும் அதை நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்தால் அது தானாக மூடாது.

உங்கள் பையனுக்கு: பால் முதலில், அப்புறம் பிரஷ், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். ஒரே நாளில் நிறுத்தினால் வீடே தூங்காது என்பது தெரியும். பாட்டில் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போங்கள். பல் மருத்துவரிடமும் இந்த வாரமே காட்டுங்கள். சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவலாம் என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். ஊசி போடாமல், பல்லைக் குடையாமல் சொத்தை பரவுவதை நிறுத்தும். ஆனால் சொத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் ராத்திரி தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: முதல் ஆண்டில் அந்தக் கவலையே வேண்டாம். அதன்பிறகு பல் முளைத்த குழந்தை ராத்திரி முழுக்க அடிக்கடி குடித்தால் சொத்தை வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். படுக்கும்முன் பிரஷ்ஷைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: பேஸ்ட்டை விழுங்கிவிடுகிறாள். ஃப்ளோரைடு இல்லாததே நல்லதா?

பதில்: ஃப்ளோரைடு உள்ளதுதான் வேண்டும், குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு). அளவில்தான் சூட்சுமம். முதல் பல் வந்த நாளிலிருந்து 3 வயது வரை ஓர் அரிசி மணி அளவு. 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. இந்த அளவை விழுங்கினாலும் கவலையில்லை. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் விற்பதற்காக! துப்பத் தெரிந்த பிறகு துப்பினால் போதும், வாயைக் கொப்பளிக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு வயது. பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிறான். தினமும் போர்க்களம்.

பதில்: எதிரில் நின்று தேய்க்காதீர்கள். தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் மல்லாக்க வைத்து, மேலிருந்து பாருங்கள். உங்கள் ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்குள் விட்டு உதட்டை ஒதுக்குங்கள். மேலுதட்டின் உள்பக்கம் நடுவில், ஈறோடு ஒட்டியபடி ஒரு சிறு சவ்வு இருக்கும். பிரஷ் அதில் இடித்தால் நன்றாக வலிக்கும். பல குழந்தைகள் பிரஷ்ஷை வெறுப்பதற்கு இது ஒரு காரணம். அந்த இடத்தை விரல் நுனியால் மூடிக்கொண்டு தேய்த்துப் பாருங்கள். அழுதால் வாய் திறந்திருக்கும், அந்த நேரத்தில் கடைவாயை முடித்துவிடலாம். அவனுக்கும் ஒரு பிரஷ் கையில் கொடுங்கள், ஆனால் 7, 8 வயது வரை தேய்க்கிற பொறுப்பு உங்களுடையது.

கேள்வி (ஒரு தாத்தா): பேத்திக்கு ஐந்து வயது. கடைவாய்ப் பால்பல்லை அடைக்கச் சொல்கிறார்கள். விழப்போகிற பல்லுக்கு எதற்கு இந்தச் செலவு?

பதில்: ஐயா, முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும், சரி. கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. இன்னும் ஐந்தாறு வருடம் அவள் மெல்ல வேண்டாமா? சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லையும் பாதிக்கலாம். முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, புதுப் பல் வர வழியில்லாமல் போகும். அடைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, 6 வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எதுவும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிற வீடுகள் நிறைய.

கேள்வி: மூன்று வயது, விரல் சூப்புகிறாள்.

பதில்: இப்போதைக்குத் திட்ட வேண்டாம். 4 வயதுக்கு மேலும் தொடர்ந்தால் பல்வரிசை மாறக்கூடும், அப்போது பார்க்கலாம்.

கேள்வி: விளையாட்டில் விழுந்து பல் முழுசாக வெளியே வந்துவிட்டால்?

பதில்: பால்பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது, உள்ளே இருக்கும் பல்லைக் காயப்படுத்தும். நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் தேய்க்காமல் சட்டென்று அலசி, அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள், தண்ணீரில் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்ச் சேரப் பாருங்கள். எந்தப் பல் என்று குழப்பமாக இருந்தால் குழியில் வைக்காமல், பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.