உளவியல் பட்டப்படிப்பு: எந்தத் தாளை எப்போது படிப்பது?

கேள்வி: சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் முதலாண்டு படிக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான துணைப் பாடமாகப் புள்ளியியல், சமூகவியல் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளஸ் டூவில் கணிதம் படிக்காததால் புள்ளியியல் என்றாலே அச்சமாக இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் ஆக விரும்புகிறேன். மீதமுள்ள பருவங்களை எப்படித் திட்டமிடுவது?
- மாணவி, பெரம்பூர்

பதில்: புள்ளியியலையே எடுங்கள். இளநிலை அளவில் தேவைப்படும் சராசரி, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்ற அளவு), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பது), டி-சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் முறை) ஆகியவற்றைப் பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எவரும் கற்றுக்கொள்ள முடியும். கிடைத்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நிதானமாக யோசிப்பதற்குத்தான் பயிற்சி தேவை.

நீங்கள் விரும்பும் பணியில் அந்த நிதானம் இன்றியமையாதது. பரவலாகப் பயன்படும் நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100, திட்டவிலக்கம் 15. ஒரு சிறுவன் 70 பெற்றால், அவன் சராசரிக்கு இரண்டு திட்டவிலக்கம் கீழே, அறிவுத்திறன் குறைபாட்டுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லையில் நிற்கிறான். ஆனால் எந்தச் சோதனையிலும் அளவீட்டுப் பிழை உண்டு என்பதால், அவனது உண்மையான நிலை 65க்கும் 75க்கும் இடையே இருக்கக்கூடும். ஆகவே அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பாமல், உடுப்பது, கடைக்குப் போய்வருவது, பிறரோடு பழகுவது போன்ற அன்றாடச் செயல்களில் அவன் எப்படி இருக்கிறான் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இதை உணராதவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை அந்தப் பிள்ளையின் பள்ளிப்படிப்பையே திசைமாற்றிவிடலாம்.

தாள்களின் வரிசையும் முக்கியம். புள்ளியியலுக்குப் பின் ஆய்வு முறையியல், அதற்குப் பின் புராஜெக்ட் என்று அமைவது நல்லது. மூளை, நரம்பு மண்டலம் பற்றிய உடலியங்கு உளவியலை முடித்துவிட்டு, மனநோய்களைப் பற்றிய பிறழ்நிலை உளவியலுக்குச் சென்றால், நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் காரணத்தோடு படிக்கலாம். புராஜெக்ட் தலைப்பை ஐந்தாம் பருவத்திலேயே முடிவு செய்யுங்கள். ஆங்கில வினாத்தாளைச் சென்னையில் தமிழ் பேசுவோரிடம் பயன்படுத்த வேண்டுமானால், அதை உருவாக்கியவரின் அனுமதி பெற்று, தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சமூகவியலையும் விட்டுவிடாதீர்கள், பிறகு விருப்பப் பாடமாக எடுக்க வாய்ப்பிருந்தால் அவசியம் எடுங்கள். வறுமையையும் சாதியையும் குடும்பத்தையும் அறியாமல் இங்கே எவருடைய துயரையும் புரிந்துகொள்ள முடியாது. மொழித்தாள்களில் அரியர் வைக்காதீர்கள்.

பி.எஸ்சி. உளவியல் முடித்தவுடன் மருத்துவ உளவியலாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த மேற்படிப்பை முடித்து, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிப்புகளின் அமைப்பு அண்மைக் காலமாக மாறிவருகிறது; எனவே சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு அனுமதி உள்ளதா என்பதைக் கவுன்சிலின் பட்டியலிலேயே பாருங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள். முதுகலையைத் தொலைநிலையில் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது.

விருப்பப் படிவத்தில் கையொப்பமிடும் முன் துறையில் புள்ளியியல் பாடத்திட்டத்தை வாங்கி, முதல் அலகை மட்டும் இந்த விடுமுறையில் கணக்குகளைக் கையால் போட்டுப் படித்துப் பாருங்கள்.