ப்ரூனோ போன வீட்டுக்கு அடுத்த குட்டி எப்போது?

கேள்வி: பத்து நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாப்ரடார் குட்டி வாங்கினோம், 14,000 ரூபாய். ப்ரூனோ என்று பெயர் வைத்தோம். 45 நாள் குட்டி, இரண்டு ஊசி போட்டாயிற்று என்று அட்டையும் கொடுத்தார்கள். நான்காம் நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்தது. விற்றவரைக் கேட்டதற்கு, "இடம் மாறினா அப்படித்தான் இருக்கும், இளநீர் குடுங்க" என்றார். மறுநாள் ரத்தமாகப் போனது. டாக்டர் பார்த்து, நாய்க்குட்டிகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் என்றார். சலைன் ஏற்றியும் சனிக்கிழமை விடிகாலை இறந்துவிட்டது. கொல்லையில் புதைத்திருக்கிறோம். முதல் நாள் குளிப்பாட்டியதும் பசும்பால் கொடுத்ததும்தான் காரணமோ என்று மனது அடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதிலும் சின்னவன் எந்நேரமும் அதோடுதான் இருப்பான், கையெல்லாம் அதன் பல் கீறல். விற்றவர் வருத்தப்பட்டு, இந்த ஞாயிறு வேறு குட்டி இலவசமாகத் தருகிறேன் என்கிறார். வீடு முழுக்க பினாயில் போட்டுக் கழுவிவிட்டோம். வாங்கலாமா? அட்டையையும் குட்டியின் படங்களையும் இணைத்திருக்கிறேன். (வாசகி, திருப்பூர்)

பதில்: வாங்காதீர்கள். இலவசம் என்றாலும் வேண்டாம், இலவசம் என்பதாலேயே வேண்டாம். காரணத்துக்கு வருகிறேன்.

முதலில் குளிப்பாட்டலும் பாலும். பார்வோ வைரஸ் உடம்புக்குள் போனதிலிருந்து வாந்தி தொடங்க மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சில குட்டிகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். உங்கள் குட்டிக்கு நான்காம் நாளே தொடங்கிவிட்டது. வேறு நாயோ, வேறு குட்டியோ, வாசல் தாண்டிய நடையோ இல்லாத வீட்டில் அது எங்கிருந்து வந்திருக்கும்? உங்களிடம் கொடுத்த அட்டைப்பெட்டியிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறது. பசும்பால் சில குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். ரத்தமாகப் போக வைக்காது. குளிப்பாட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் இழந்தது ஒன்றே ஒன்று: அந்த இளநீர் நாள். அதையும் நீங்களாக இழக்கவில்லை.

பார்வோ குட்டி எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், குடிக்காது. தாகம் இருக்கிறது, குமட்டல் விடமாட்டேன் என்கிறது. இதைப் பார்த்தால் அடுத்த வேளைக்குக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பத்தில் ஒன்று பிழைப்பதே பெரிது. சீக்கிரம் கொண்டுவந்து இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து பார்த்தால் பெரும்பாலானவை பிழைக்கும். ஆனால் ஒரு மாதக் குட்டி என்றால் எங்களை மாதிரி கால்நடை டாக்டர்களுக்கே கை நடுங்கும்.

ஒரு மாதம் என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றில் ப்ரூனோ கொட்டாவி விடுகிறது. முன்பல்லும் கோரைப்பல்லும் ஊசி மாதிரி இருக்கின்றன, கடவாய்ப் பல் இன்னும் சரியாக எட்டிப் பார்க்கவில்லை. 45 நாள் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. 30, 32 நாள் சொல்லலாம். தாயிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரிப்பது ஏன் என்றால், குட்டி சின்னதாக இருந்தால்தான் பார்த்ததும் தூக்கத் தோன்றும். அப்புறம், வளர வளர தீனிச் செலவு.

இப்போது அந்த அட்டை. கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஊசிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதியது. இடைவெளி ஏழு நாள். இந்த ஊசிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். தடுப்பூசிக் குப்பியில் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்து அட்டையில் ஒட்டுவோம். உங்கள் அட்டையில் ஸ்டிக்கர் இல்லை. டாக்டர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. 'பெட் கேர்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும். அந்த ஸ்டாம்ப் செய்ய கடைத்தெருவில் என்ன ஆகும்? நூறு ரூபாய் ஆகுமா?

ஸ்டிக்கர் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். புரோக்கர்கள் குப்பியை வாங்கி, சட்டைப் பையில் போட்டு, சித்திரை வெயிலில் பைக்கில் கொண்டுபோய், தாங்களே குத்துகிறார்கள். ஸ்டிக்கர் நிஜம், ஊசி நிஜம், உள்ளே இருப்பது வெறும் தண்ணீருக்குச் சமம்.

எல்லாம் ஒழுங்காகவே செய்தார் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாதக் குட்டிக்குப் போட்ட ஊசியை நம்பி இருக்க முடியாது. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரம் இருக்கும். அது நோயைத் தடுக்கிற மாதிரியே ஊசியையும் தடுத்துவிடும். எந்த நாளில் அது கரைந்து முடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும் வரை போடுகிறோம். அந்தக் கடைசி ஊசிதான் முக்கியம். "இரண்டு ஊசி போட்டாச்சு, இனிமே பயமில்ல" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஒன்று தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

சரி, இலவசக் குட்டிக்கு வருவோம். ஒரே ஈற்றில், ஒரே கூண்டில் இருந்த மற்றக் குட்டிகளும் அதே கழிவில்தான் உருண்டிருக்கின்றன. வாந்தி தொடங்குவதற்கு முன்பே கழிவில் வைரஸ் வரத் தொடங்கிவிடும். அவரிடம் இப்போது துள்ளிக்கொண்டிருக்கும் குட்டி இந்த வாரம் துள்ளும், அடுத்த வாரம் உங்கள் மடியில் வாந்தி எடுக்கும். அது அவர் கூண்டில் சாவதைவிட உங்கள் வீட்டில் சாவது அவருக்கு நல்லது. "மாற்றுக் குட்டி கொடுத்தேன், அதையும் பார்த்துக்கத் தெரியலை" என்று பேச்சும் மிஞ்சும். இதே வரிசையில் மூன்றாவது குட்டியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை நான் ஒரு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். இது எங்கள் பிரிவு இல்லை என்று பக்கத்து மேசைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து வேறு கட்டடம். மூன்றாவது இடத்தில், "நாய்க்குட்டிதானே மேடம்?" என்றார்கள். பேனாவை மூடிவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் என்னை மாதிரி செய்ய வேண்டாம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸப் பேச்சு, அந்த அட்டை, டாக்டரின் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், குட்டியைக் கேட்காதீர்கள். ஆணையம் என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப் பணம் வந்துவிடுவதும் உண்டு.

பினாயில் பற்றி. வாசனைக்கு நல்லது. பார்வோ அதற்கு அசையாது, டெட்டாலுக்கும் சானிடைசருக்கும் அசையாது. அதைக் கொல்வது குளோரின். கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு 30, 35 மில்லி. முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் அழுக்கு இருந்தால் பிளீச் அதோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். அப்புறம் பிளீச் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். நம் வீடுகளில் ஊற்றிய கையோடு துடைப்பத்தை எடுத்துவிடுவோம், வேலைக்காகாது. அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பாத்ரூம் ஆசிடோடு சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும். படுத்த துணி, பொம்மை, மரச்சட்டம் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். சோபாவுக்கு பிளீச் ஆகாது, சோப்பும் வெயிலும்தான். கொல்லை மண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது. நல்ல வெயில் படும் இடத்தில் ஐந்து மாதம், நிழலில் ஏழு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செருப்பிலும் ஒட்டியிருக்கும், குட்டி நாய் இருக்கிற வீடுகளுக்கு இப்போதைக்குப் போகாதீர்கள்.

ஆக, இளங்குட்டிதான் வேண்டும் என்றால் ஏழு மாதம் பொறுங்கள். இல்லையென்றால் 16 வார ஊசியும் போட்டு, அதன்மேல் இரண்டு வாரமும் ஆன குட்டியாகக் கொண்டுவாருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன்: வளர்ந்த நாய். நீங்கள் அனுப்பிய படங்களில் இரண்டில், கேட்டுக்கு வெளியே ஒரு செம்பட்டைத் தெருநாய் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு படத்தில் உங்கள் பெரியவள் கையில் பிஸ்கட். அந்த நாய் பார்க்க இரண்டு மூன்று வயது. தெருவில் அவ்வளவு காலம் பிழைத்த நாய் பார்வோவைப் பெரும்பாலும் ஒரு முறை பார்த்தே வந்திருக்கும், ஆனாலும் அதை நம்பி விட வேண்டாம். 16 வாரம் தாண்டிய நாய்க்கு சீம்பால் தடை கிடையாது, பார்வோவுக்கு ஒரே ஊசி பொதுவாகப் போதும். மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்றும் போடுவது என் வழக்கம். கூடவே ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை. முதல் ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து அது ப்ரூனோ படுத்த இடத்திலேயே படுக்கலாம். நீங்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, 14,000 வேண்டியதில்லை, யாருடைய ரப்பர் ஸ்டாம்ப்பும் வேண்டியதில்லை. அது என்ன குணம், பிள்ளைகளிடம் எப்படி என்பதுகூட உங்களுக்கு முன்பே தெரியும், எந்தப் புரோக்கரும் தர முடியாத தகவல் அது. சொந்தக்காரர்கள் "தெருநாயா?" என்பார்கள். லாப்ரடார் வாங்கியபோதும் ஏதோ சொல்லியிருப்பார்கள். கட்டாயம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு மனது வரும்போது பாருங்கள்.

புதைத்தது புதைத்ததாகவே இருக்கட்டும், தோண்டாதீர்கள். மூன்றடி ஆழமும், கிணற்றுக்குத் தள்ளியும் இருந்தால் போதும். சென்னை மாதிரி ஊரில் எரியூட்ட வசதி இருக்கிறது. மற்ற ஊர்களில் கொல்லை இல்லாதவர்கள் என்ன செய்வது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. குப்பை வண்டிக்குப் பின்னால் பையோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளிடம் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று சொல்லாததே நல்லது. சமாதியில் பூ வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும், செருப்பை அங்கேயே கழுவிவிட்டு உள்ளே வரட்டும். இன்னொன்று. இந்த நேரத்தில் பெரியவர்கள், "வீட்டுக்கு வரவேண்டியதை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு" என்பார்கள். அவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் ஒரு பையன் என் கிளினிக்கில் அம்மா பில் கட்டப் போன நேரம் பார்த்து, மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்: "டாக்டர், அது எனக்கு வரவேண்டியதா?" உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால், குட்டிக்கு நோய் எங்கே வந்தது என்று நான் மேலே சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அவசரம். பார்வோ மனிதர்களுக்கு வராது. ஆனால் சின்னவன் கையில் இருப்பது, ரேபிஸ் ஊசி போடாத, பத்து நாளுக்குள் இறந்துபோன நாயின் பல் கீறல். கடித்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள் என்று சொல்வோம், இங்கே கவனிக்க நாய் இல்லை. ரேபிஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவுதான், ஆனால் அந்த நோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, அதனால் வாய்ப்புக் கணக்குப் பார்க்க மாட்டேன். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து மூன்று நாள், ஏழு நாள், 28 நாள் கழித்து என்று தேதி எழுதித் தருவார்கள். கீறலில் ரத்தம் வந்திருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள், இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசியும் தேவைப்படும். "சின்னக் குட்டிதானே, காய்ஞ்சு போச்சே" என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் அசையாமல் நில்லுங்கள். பெரியவளுக்கும் உங்களுக்கும் கீறல் இருந்தால் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். பிளீச் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், இதைப் படித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.