நர்ஸம்மாவிடம் கேளுங்கள்: மழைக்கு முன்னால் ஒரு நோட்டு

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஐயாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் வெள்ளத்துக்குத் தேவையானதை வாங்கிவிடலாம் என்று எண்ணம். சிலர் லைஃப் ஜாக்கெட் என்கிறார்கள், சிலர் ஜெனரேட்டருக்கு முன்பணம் கட்டலாம் என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள் அக்கா.
வாசகி, வீரவநல்லூர்

பதில்: முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள் தாயி. மீதிப் பணத்தை அப்புறம் பார்ப்போம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலைக்குள் பாளையங்கோட்டையில் 44 சென்டிமீட்டர், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. ஆறு ஏறினால் நமக்குத் தெரியும், அணை திறந்தால் மைக்கில் சொல்லிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவுக்குள் வந்தது ஆற்றுத் தண்ணீர் இல்லை. மேற்கே இருக்கிற குளம் கரை உடைந்து ராத்திரியில் வந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் வளவில் ஆறு வீடு. கடைசி வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். நாங்கள் எல்லாரும் முன்வீட்டு மச்சுக்கு ஏறிவிட்டோம். ஆச்சி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் கூட்டி வந்திருப்பேன் என்று எதிர்வீட்டு மதினி நினைத்திருக்கிறார். விடியக்காலையில் மழைச் சத்தம் கொஞ்சம் அடங்கியபோதுதான் அந்தத் தட்டும் சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்க, ஆச்சி அதன் மேல் உட்கார்ந்து பித்தளைப் பானையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகத் தட்டினாரோ! முப்பத்தோரு வருஷம் கிராமம் கிராமமாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்தவள் நான். ரிஜிஸ்டரில் ஒரு பெயர் விட்டுப்போனால் தூக்கம் வராது. என் வளவில் ஆறு வீட்டை எண்ணிப் பார்க்காமல் மச்சேறினேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். யாரால் படி ஏற முடியாது, யாருக்கு எட்டு மாசம், யார் எந்தக் கிழமை டயாலிசிஸுக்குப் போகிறார் என்று எழுதுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள். தன் நோய் தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால், ‘தூக்கிச் செல்ல ஆள் வேண்டும்’ என்று மட்டும் இருந்தால் போதும். கீழே, அந்த வீட்டில் இருப்பது: ஏணி, டிராக்டர், கல்யாண அண்டா, நீச்சல் தெரிந்த பையன். நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் நேரே இரண்டு பேரின் பெயர். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதவே எழுதாதீர்கள். ஆச்சியை எல்லாரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பக்கத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. அதற்கு அடுத்து உங்கள் குளத்து மடையைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சியின் போன் நம்பர். குளம் எவ்வளவு பெருகியிருக்கிறது, நிரம்பி வழிகிற மறுகால் தண்ணீர் எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை அடைத்துக் கிடக்கிறதா என்று அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. புரட்டாசியிலேயே அவரோடு கரை மேல் ஒருமுறை நடந்து பாருங்கள். டவர் போய்விட்டால் செல்போன் உதவாது, நோட்டை இரண்டு பிரதி எடுத்து மாடி வீட்டில் வையுங்கள்.

மீதிப் பணத்துக்குக் கெட்டிக் கயிறு, டார்ச், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வீட்டுக்கு ஒரு விசில். ஜெனரேட்டர் வேண்டாம், தண்ணீர் நிற்கும் இடத்தில் கரண்ட் வேண்டவே வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டும் எனக்குச் சம்மதமில்லை. அதை நம்பி நம் பிள்ளைகள் ஓடுகிற தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். அது தீயணைப்புக்காரர்களுக்கும் படகோடு வருகிற மீனவர்களுக்கும் உள்ள வேலை. பிளீச்சிங் பவுடரை இப்போதே மூட்டையாக வாங்காதீர்கள், நாள்பட்டால் வீரியம் போய்விடும்.

கேள்வி: அம்மா இன்சுலின் போடுகிறார். மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது?
வாசகர், பேட்டை

பதில்: பயப்படாதீர்கள். திறந்து பயன்படுத்துகிற இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியில் தாங்கும், வெயிலும் அடுப்புச் சூடும் படக்கூடாது. அம்மாவின் மருந்துக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காததைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலினைப் போடக்கூடாது.

கேள்வி: 2023-இல் எங்கள் வீட்டு அரிசி முழுவதையும் போட்டு மூன்று நாள் தெருவுக்கே சமைத்தோம். அதன்பிறகு ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி செய்ய மனசு வரவில்லை. தப்பா?
வாசகி, ஸ்ரீவைகுண்டம் பக்கம்

பதில்: தப்பில்லை அம்மா. மூன்று நாள் புகையில் நின்றவருக்கு அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும். உங்கள் ஸ்டேஷனில் நின்றுபோன ரயிலில் 800 பேர் அளவில் மாட்டிக்கொண்டபோது, பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அங்கே ஊர் கூடிச் செய்தது. உங்கள் தெருவில் ஒரே வீட்டின் தலையில் விழுந்துவிட்டது.

நம் பாட்டிமார் பிடியரிசி எடுத்து வைப்பார்களே, அதை ஆவணியிலிருந்தே ஆரம்பியுங்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு கைப்பிடி, ஒரு பொது டிரம்மில். யார் வீட்டிலிருந்து வந்தது என்று நீங்களே நோட்டில் குறித்து வையுங்கள். அண்டா வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும், கரண்டி பிடிக்க இந்த முறை வேறு ஆட்களின் பெயரைப் போடுங்கள். டிரம் மட்டும் மச்சில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் கீழே வைத்திருந்த ரேஷன் அரிசி அத்தனையும் ஊறி நாறிப்போனது.