இணைப்பகத்துடன் பேசும் முறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் உள்தொலைபேசிகள் அனைத்தும், அழைப்புகளை இணைத்துவிடும் இணைப்பகமாகச் செயல்படும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் இயங்குகின்றன. முன்பு இதைக் கவனித்துவந்தவர் தாளில் எழுதிக் கொடுத்த சில கட்டளைகளை மனப்பாடமாகத் தட்டுகிறேன். இவற்றுக்கு இலக்கணம் ஏதும் உண்டா? (வாசகர், ஈரோடு)

பதில்: உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் தாள் தேவைப்படாது. முதற்சொல் மென்பொருளின் எந்தப் பகுதியிடம் பேசுகிறோம் என்பதையும், அடுத்த சொல் அப்பகுதி என்ன செய்ய வேண்டும் என்பதையும், அதன் பின் வருவது எதைப் பற்றி என்பதையும் சொல்கின்றன. 'கோர் ஷோ சானல்ஸ்' என்பது, மையப் பகுதி இப்போது திறந்துள்ள சானல்களை, அதாவது ஒரு தொலைபேசியையோ வெளி இணைப்பையோ இணைப்பகத்துடன் சேர்க்கும் தடங்களை, காட்ட வேண்டும் என்ற கோரிக்கை. 'பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்' தொலைபேசிகளின் நிலையைக் கேட்கிறது (பிஜேசிப் என்பது, வலையமைப்பு வழி அழைப்புகளுக்கான சிப் என்ற நெறிமுறையைக் கையாளும் பகுதி); 'டயல்பிளான் ஷோ' அழைப்புகள் செல்லும் வழிகளைக் கேட்கிறது. (தமிழில் தந்துள்ள இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும்.) பாதிச் சொல்லைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை மென்பொருளே நிரப்பும் அல்லது அடுத்து வரக்கூடிய சொற்களைக் காட்டும். நான் பெரும்பாலானவற்றைக் கற்றது இந்த டேப் விசையிடம்தான்.

'ஷோ' வரும் கட்டளைகள் நிலவரத்தைக் கேட்பவை. அவற்றால் யாருடைய பேச்சும் அறுபடாது என்பதால் தயங்காமல் பழகலாம். விடையைப் படிப்பதில் மட்டும் ஒரு கவனம் தேவை: இருவர் பேசும் ஓர் அழைப்புக்கு வழக்கமாக இரண்டு சானல்கள் திறந்திருக்கும். சானல் எண்ணிக்கையை அழைப்பு எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு, வெளி இணைப்புகள் போதவில்லை என்று முடிவு கட்டியவர்களைக் கண்டிருக்கிறேன்.

உள்ளே நுழையும் வழியும் முக்கியம். 'ஆஸ்டெரிஸ்க்' என்ற சொல்லுடன் '-ஆர்' சேர்த்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பகத்துடன் சேர்கிறீர்கள். வெளியேறினாலும் இணைப்பகம் ஓடும். '-சி' சேர்த்துத் தொடங்கினால் அந்தத் திரையே இணைப்பகமாகிவிடுவதால், அங்கே கண்ட்ரோல்-சி அழுத்தினால் இணைப்பகமே நின்றுவிடும். ஒரே ஒரு கேள்வி கேட்டு விடையுடன் திரும்ப '-ஆர்எக்ஸ்' போதும். ஆனால் கட்டளை முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இல்லையேல் ஷெல் (நீங்கள் தட்டுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் இயங்குதள நிரல்) அதைச் சொல் சொல்லாகப் பிரித்துவிட, 'கோர் ஷோ சானல்ஸ்' என்பதில் 'கோர்' என்ற முதற்சொல் மட்டுமே இணைப்பகத்துக்குப் போய்ச் சேரும்.

கேள்வி: நண்பகலில் 'கோர் ரீஸ்டார்ட் நவ்' என்று தட்டினேன். பேசிக்கொண்டிருந்த அனைவரின் இணைப்பும் அறுந்தது. வேறு எப்படிச் செய்திருக்க வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இறுதிச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'நவ்' என்றால் அந்த நொடியே, யார் பேசிக்கொண்டிருந்தாலும். 'கிரேஸ்ஃபுல்லி' என்றால் புதிய அழைப்புகளை ஏற்காமல், நடப்பவை முடியும்வரை காத்திருந்து மீண்டும் தொடங்கும். 'வென் கன்வீனியன்ட்' புதிய அழைப்புகளையும் ஏற்றபடி, ஓர் அழைப்பும் இல்லாத தருணத்துக்காகக் காத்திருக்கும்.

மூன்றாவதே மென்மையானது என்று தோன்றினாலும், ஓயாமல் மணி அடிக்கும் அலுவலகத்தில் அந்தத் தருணம் மாலைவரை வாய்க்காமலே போகலாம். இரண்டாவதிலும் சிக்கல் உண்டு: ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால், அதுவரை மற்றவர் எவரும் புதிதாக அழைக்க முடியாது. ஆகவே பணிநேரம் முடிந்தபின் 'கோர் ஷோ சானல்ஸ்' மூலம் நிலவரம் பார்த்து, பிறகு 'கிரேஸ்ஃபுல்லி' கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். காத்திருப்பு நீண்டால் 'கோர் அபார்ட் ஷட்டவுன்' அதைக் கைவிடச் செய்து, அழைப்புகளை மீண்டும் ஏற்க வைக்கும். சிக்கிக்கொண்ட ஓர் அழைப்பை மட்டும் துண்டிக்க மறுதொடக்கமே வேண்டாம். 'சானல் ரிக்வெஸ்ட் ஹேங்கப்' என்று தட்டி அந்தச் சானலின் பெயரைச் சேர்த்தால் போதும்.

கேள்வி: புதிய பதிப்புக்கு மாறியபின் 'சிப் ஷோ பியர்ஸ்' வேலை செய்யவில்லையே? (வாசகர், திருச்சி)

பதில்: அந்தக் கட்டளைக்கு விடை சொன்ன பழைய சிப் பகுதி, 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. 'பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்' என்று கேளுங்கள். வெளி நிறுவனத்திடம் நீங்கள் செய்துள்ள பதிவை அறிய 'பிஜேசிப் ஷோ ரெஜிஸ்ட்ரேஷன்ஸ்'.

கேள்வி: பிஜேசிப் அமைவுக் கோப்பில் போர்ட் எண்ணை (அழைப்புத் தகவல்கள் வந்துசேரும் வாயில் எண்ணை) மாற்றி, கோப்பை மீண்டும் படிக்கவைக்கும் ரீலோட் செய்தேன். பழைய எண்ணிலேயே இயங்குகிறது. (அதே வாசகர்)

பதில்: உங்கள் தட்டச்சில் பிழையில்லை. போர்ட் எண், தகவல்கள் எந்த வழியில் வந்துபோகும் என்பதைக் குறிக்கும் டிரான்ஸ்போர்ட் பிரிவைச் சேர்ந்தது. ரீலோட் செய்யும்போது அப்பிரிவை மென்பொருள் வேண்டுமென்றே தொடாமல் விடுகிறது, தொட்டால் நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் பாதிக்கப்படலாம் என்பதால். மாலையில் மேலே சொன்ன முறையில் மறுதொடக்கம் செய்துவிட்டு, 'பிஜேசிப் ஷோ டிரான்ஸ்போர்ட்ஸ்' கொடுத்துப் புதிய எண் வந்துள்ளதா என்று பாருங்கள்.