பெரிய அட்வான்ஸ் கொடுப்பவர் நல்ல வாடகைதாரர் ஆகிவிடுவாரா?

கேள்வி: ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழக ஊழியன் நான். மதுரை வில்லாபுரத்தில் உள்ள என் வீட்டில் மூன்று போர்ஷன்களை, தலா 8,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் பின்பக்கப் போர்ஷன் காலியானபோது, என் தங்கை கணவர் அழைத்துவந்தவர் மறுநாளே 1,00,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்தார். மூன்று மாதம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர், பிறகு ஒன்பது மாதமாக, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இப்போது வேறொருவர் 1,50,000 ரூபாயுடன் தயாராக இருக்கிறார். நகைக்கடன் வாங்கிப் பழையவருக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இவரை வைக்கலாமா? வாடகைதாரரின் பின்னணியைச் சரிபார்த்துத் தரும் செயலி ஒன்றில் சந்தா கட்டலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூன்று போர்ஷன்களின் பழைய அட்வான்ஸ் 2,40,000 ரூபாயில் 2,00,000 ரூபாயைத் தங்கை கணவரின் பாத்திரக்கடைக்குக் கொடுத்ததாகவும், மீதியை மாடித் தளத்துக்குச் செலவிட்டதாகவும். உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. திருப்பித் தரவேண்டிய பணம் கையில் இல்லாததால், ஒருவர் காலி செய்யும்போது அவருக்குரிய 80,000 ரூபாயை அடுத்து வருபவரிடமிருந்து உடனடியாகப் பெற்றாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டீர்கள். அந்த நிலையில் இருப்பவரால் யாரையும் விசாரித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பணத்தோடு முதலில் வந்து நிற்பவரே வாடகைதாரர். அவரைப் பரிந்துரைத்தவரும் உங்களுக்குக் கடனைத் திருப்பித் தரவேண்டிய அதே உறவினர் என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள்.

ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்ற பயம் உங்களை அவசரப்படுத்தியது புரிகிறது. ஆனால் ஆடி முழுவதும் வீடு பூட்டிக் கிடந்திருந்தால் போயிருப்பது 8,000 ரூபாய். ஆவணியிலும் ஆள் வராமல் இருந்திருந்தால் 16,000. இப்போது நின்றிருக்கும் வாடகை 72,000 ரூபாய். அட்வான்ஸில் கழிகிறதே என்று காகிதத்தில் ஆறுதல் கொள்ளலாம், ஆனால் அந்த 1,00,000 ரூபாயில் 80,000 முந்தைய குடும்பத்துக்குப் போய்விட்டது. வாடகைப் பாக்கி 72,000 கழித்து அவருக்கு மீதமுள்ள 28,000 ரூபாய்க் கணக்கில் மின்கட்டணப் பாக்கி, வெள்ளையடிப்பு, பழுது ஆகியவற்றுக்கு 20,000 வைத்தால், இன்னும் ஒரு மாத வாடகைக்குத்தான் இடமிருக்கிறது. ஆகவே அவருக்கு நீங்கள் தரவேண்டியது அதிகம் போனால் 8,000 ரூபாய். இதற்கு எதற்கு நகைக்கடன்? வழக்கறிஞர் மூலம் பாக்கியைக் கேட்டு இந்த வாரமே எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். அசையவில்லையென்றால் வாடகை நீதிமன்றத்தை அணுகுங்கள். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவிடாதீர்கள், சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

அடுத்து வருபவரிடம் மூன்று மாத வாடகை, அதாவது 24,000 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கொண்டிருக்கும் அளவும் அதுவே. அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்பதால், வங்கியில் தனி வைப்பு நிதியாக இருக்கட்டும். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடாமல், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள்.

செயலியைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஆதார் எண் உண்மையா, வழக்கு ஏதும் உண்டா என்பதை அது சொல்லக்கூடும். மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வருமா என்பதை முந்தைய வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். அதிலும், இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் தொல்லை தரும் ஒருவரை அனுப்பிவிடுவதற்காகவே அவர் நல்ல வார்த்தை சொல்லக்கூடும். அதற்கு முன் இருந்த வீட்டுக்காரருக்கு அப்படி மறைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. முடிந்தால் குடிவரப்போகிறவர் தற்போது வசிக்கும் வீட்டுக்கே ஒருமுறை சென்று வாருங்கள். ஆரப்பாளையமோ ஒத்தக்கடையோ, பேருந்தில் போய்வரும் தூரம்தானே. நம் ஊரில் வீட்டுக்காரர்கள் சாதியையும் சாப்பாட்டையும் தயங்காமல் விசாரிக்கிறார்கள், வாடகை வருமா என்பதற்கு அவை இரண்டும் பதில் சொல்லாது. ஆனால் சம்பளத்தைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறார்கள். 8,000 ரூபாய் வாடகைக்குக் குடும்ப வருமானம் ஏறத்தாழ 25,000 ரூபாயாவது இருக்க வேண்டும். மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்பதில் தவறில்லை.

மற்ற இரு போர்ஷன்களுக்கும் நீங்கள் இன்னும் 1,60,000 ரூபாய் கடன்பட்டவர் என்பதை மறந்துவிடாதீர்கள். தங்கை கணவரிடம் கடனுறுதிச் சீட்டு எழுதி வாங்கி, மாதம் 5,000 ரூபாயாவது கேட்டுப் பெறுங்கள். உங்களுக்கு வரும் 16,000 ரூபாய் வாடகையிலிருந்து 3,000 சேர்த்தால், இருபது மாதத்தில் அந்தத் தொகை கைக்கு வந்துவிடும். தங்கையின் மனம் வருந்துமே என்று தள்ளிப்போட்டால், அந்த 5,000 ரூபாயையும் உங்கள் ஓய்வூதியம்தான் தரவேண்டியிருக்கும்.

1,50,000 ரூபாயுடன் காத்திருப்பவரிடம், அட்வான்ஸ் 24,000 போதும் என்றும், இதற்கு முன் குடியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்கள் வேண்டும் என்றும் சொல்லுங்கள். எண்களைத் தரத் தயங்கினால், போர்ஷன் காலியாகவே இருக்கட்டும்.