கிரைண்டர் மூடியைக் கழற்றலாமா?

கேள்வி: பம்புசெட் கொட்டகைக்கு இரும்பு ஆங்கிள் வெட்ட 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் வாங்கியுள்ளேன். சக்கரத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டால் 5 அங்குலச் சக்கரம் மாட்டலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது. 4 அங்குலச் சக்கரத்தின் துளை பொதுவாக 16 மி.மீ.; 5 அங்குலத்திலோ 22 மி.மீ.க்குச் சற்று அதிகம் என்பதால் அது உங்கள் இயந்திரத்தில் மையமாக உட்காராது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும் சக்கரம் உடைந்தால், சில்லுகள் உங்கள் மீது பாயாமல் தடுப்பது அந்த மூடிதான். சக்கரத்தில் அச்சிட்டுள்ள உச்சச் சுழற்சி வேகமும் இயந்திரத்தின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றிய பிறகே சக்கரத்தை மாற்றுங்கள். மாற்றியதும், இயந்திரத்தை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். இரும்பு ஆங்கிளை வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கி, வெட்டி விழ வேண்டிய பகுதியைத் தாங்கல் இன்றி வெளியே நீட்டி வைத்தால், வெட்டுவாய் சுருங்கிச் சக்கரத்தைக் கவ்வாது. கவ்வினால் இயந்திரம் கையை மீறித் திமிறும். வெட்டும் சக்கரத்தின் பக்கவாட்டில் எதையும் தேய்க்காதீர்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், தோளில் துண்டு (நம் ஊரில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்) கூடவே கூடாது. தீப்பொறி பல அடி தூரம் தெறிக்குமாதலால், அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் இருக்கும் நாட்களில் வேலையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.